எட்டுப் பேனலும் ஒரு லைன் கிளியரும்

மாடி அறை ஒழுக ஆரம்பித்த அன்று நான் திட்டியது கூரையை அல்ல, என் மனைவியை. ஐப்பசி மழை இரண்டு நாள்தான் பெய்திருந்தது. அதற்குள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் விரல் நீளத்துக்கு விரிசல் விட்டு, பீரோ மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சமையலறையிலிருந்து குண்டானைக் கொண்டுவந்து வைத்தாள். "குண்டான் வைக்கத் தெரியுது, போன மாசமே வாயைத் திறந்து சொல்லத் தெரியலையா?" என்றேன். போன மாதமே அவள் சொல்லியிருந்தாள். அது எனக்கும் தெரியும். என் வீட்டில் அப்படித்தான். தப்பு யாருடையது என்று பார்ப்பதற்கு முன்பே திட்டு யாருக்கு என்பது முடிவாகிவிடும்.

அனல்மின் நிலையத்தில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பத்து வருடம் ஃபோர்மேன். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் கட்டியிருந்த சொந்த வீட்டுக்கு வந்தோம். குவார்ட்டர்ஸில் இருந்தவரை கரண்ட் பில் என்ற ஒன்றை நான் உட்கார்ந்து படித்ததே கிடையாது. சம்பளத்தில் ஏதோ பிடிப்பார்கள், அவ்வளவுதான். சொந்த வீட்டில் முதல் பில் வந்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. ஊருக்கெல்லாம் கரண்ட் எடுத்துக் கொடுத்தவன் வரிசையில் நின்று கரண்டுக்குக் கட்டுவதா? அந்த ரோஷத்தில்தான் மாடி அறையின் கூரைமேல் எட்டு சோலார் பேனல் போட்டேன். நிலக்கரி ஊரில் வெயிலைப் பிடிக்கிறான் பார் என்று தெருவில் கேலி செய்தார்கள். நான் யாரையும் மதிக்கவில்லை.

பேனல்கள் நிற்கும் இரும்புச் சட்டத்தின் கால்கள் ஷீட்டைத் துளைத்துக் கீழே இருக்கும் குழாய்களில் போல்ட் போட்டு நிறுத்தப்பட்டிருந்தன. ஆகவே ஷீட்டை மாற்ற வேண்டும் என்றால் முதலில் பேனலை இறக்க வேண்டும், புது ஷீட் போட்டபின் திரும்ப ஏற்ற வேண்டும். "பேனலை இறக்கி வச்சிட்டுச் சொல்லுங்க சார், அன்னிக்கே ஆளுங்கள அனுப்பறேன்" என்றார் ஷீட் கடை பாய். பேனல் போட்டுக் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள். குரலுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "பத்து நாள் ஆகும் சார். எங்க ஆளுங்க வந்துதான் கழட்டணும். அதுவரைக்கும் நீங்க கை வைக்காதீங்க" என்றாள்.

நீங்க கை வைக்காதீங்க. ஸ்விட்ச் யார்டில் தலைக்கு மேல் கம்பிகள் உறுமிக்கொண்டிருக்க அவற்றின் கீழே நின்று டிபன் சாப்பிட்டவனிடம் ஒரு சின்னப் பெண் சொல்கிறாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், நாளைக்கே கழற்றுவது என்று.

எனக்குக் கீழே இருபது வருடம் கான்ட்ராக்டில் வேலை பார்த்த ஒருவன் இருந்தான். பக்கத்து கிராமத்துக்காரன், வயது நாற்பத்தாறு. அவன் வீட்டார் சொந்த நிலம் இல்லாதவர்கள், அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் அவன்தான் முதலில் பிளான்ட் கேட்டுக்குள் நுழைந்தவன். வேலையில் சூரன், வாயில்லாத பிள்ளை. எங்கள் பிளான்டில் பெர்மனென்ட் ஆட்கள் கான்ட்ராக்ட் ஆட்களை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவோம். என்னைவிட மூத்தவர்களைக்கூட நான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேன். எங்களில் யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அவர்கள் நினைத்தார்களா என்று நாங்கள் கேட்டதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை அவன் வந்து பேனல்மேல் படியும் கரித்தூளைக் கழுவிவிட்டுப் போவான். என் மனைவி காபி கொடுப்பாள். நான் கீழே நின்றுகொண்டு எந்த மூலையில் அழுக்கு இன்னும் போகவில்லை என்று கை காட்டுவேன்.

அவனுக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரு வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு மெஷினில் கை வைக்கும் முன் அதற்கு வரும் கரண்டை நிறுத்தி, பூட்டி, சிவப்பு அட்டை மாட்டி, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபோர்மேன் வாயால் சொல்ல வேண்டும்: "லைன் கிளியர்." அதற்குப் பிறகு கீழே இருப்பவன் கேள்வி கேட்கக் கூடாது. கேட்கத் தேவையும் இல்லை. ஏதாவது ஆனால் பொறுப்பு சொன்னவனுடையது, கை வைத்தவனுடையது அல்ல. நான் கொடுத்த லைன் கிளியரில் ஒருவனுக்கு விரல் நுனிகூடச் சுட்டதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அவனுக்குப் போன் செய்தேன். வழக்கமாக இரண்டாவது மணியிலேயே "சொல்லுங்க சார்" என்பவன், அன்று தயங்கினான்.

"சார், வர்ற வியாழக்கெழம எனக்கு மெடிக்கல் இருக்குதுங்க. அத முடிச்சிக்கினு மறுநாளே வந்துடறேனே."

கான்ட்ராக்ட் ஆட்களில் சீனியர்களை நிரந்தரமாக எடுக்க ஒரு பட்டியல் வந்திருந்தது. அதில் அவன் பெயர் இருந்தது. மெடிக்கலில் தேறினால் போதும், அவன் பெர்மனென்ட். இருபது வருடம் அவன் உயிரைக் கொடுத்து உழைத்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகும் இடத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்பான். வேறு எந்தப் பேராசையும் அவனிடம் நான் பார்த்ததில்லை. மெடிக்கல் முடியும்வரை உடம்பில் ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று பத்து நாளாக சைக்கிளைக்கூடத் தொடாமல் பஸ்ஸில் போய் வருவதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

"மெடிக்கல் என்னடா பெரிய மெடிக்கல்? அங்க இருக்கிறவரு நம்ம ஆளுதான். நான் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. நீ நாளைக்கு வந்து பேனலை எறக்கு, நான் சொல்லிடறேன்."

 "சொல்லிடறீங்களா சார்?" என்றான்.

அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஓய்வு பெற்ற ஃபோர்மேன் பிளான்ட் கேட்டுக்குப் போனால் செக்யூரிட்டிகூடப் பாஸ் எங்கே என்று கேட்பான். ஆனால் அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்டதும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. வேலையில் இருந்த காலத்தின் தெம்பு. "சொல்லிட்டதாவே வச்சுக்கோ" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. பத்து மணிக்கு அவன் வந்தான். பாய் அனுப்பிய இரண்டு ஆட்கள் புதுக் கலர் ஷீட்டைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நான் கீழே மெயினை இறக்கினேன், இன்வெர்ட்டரை நிறுத்தினேன், போர்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. முறைப்படி எல்லாம் செய்தாகிவிட்டது என்ற திருப்தியோடு மாடிப்படியின் உச்சியில் வந்து நின்றுகொண்டேன். அவன் ஷீட்மேல் பலகை போட்டு அதில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"சார், இத மாட்ட வந்தப்ப அந்தக் கம்பெனிக்காரங்க கறுப்புத் துணி போத்திக்கினுதான் வேலை பார்த்தாங்க. ஒரு தார்ப்பாய் இருந்தா குடுங்க சார், மூடிக்கினு செய்யறேன்."

"ஏன், பேனலுக்குக் குளிருதா? ஸ்வெட்டர் வேணா பின்னித் தரச் சொல்லட்டுமா?"

ஷீட் ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்க ஆள் இருந்தால் எனக்கு எப்போதும் நாக்கு நீளும். "நாலு நாள் போனா பெர்மனென்ட். அதுக்குள்ளயே பயத்தைப் பாரு" என்று இன்னொன்றும் போட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வேலையை ஆரம்பித்தான்.

வயர்களை இணைக்கும் கனெக்டர்கள் கரித்தூளும் வெயிலும் சேர்ந்து இறுகிப்போயிருந்தன. அதைக் கழற்ற ஒரு தனிச் சாவி உண்டாம். என்னிடம் இல்லை. அவன் பத்து நிமிடம் விரலால் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தெருவில் நிற்கும் ஆட்கள் மணி பார்த்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கழட்டி என்னடா பண்ணப் போற? கீழ போற ரெண்டு வயரையும் சேர்த்து வச்சு வெட்டு. அப்புறம் புதுசு மாட்டிக்கலாம்."

அவன் கட்டிங் பிளையரைக் கையில் எடுத்தான். வெட்டவில்லை.

"சார், மேல வெயில் அடிச்சிக்கினே இருக்குதுங்க. கீழ ஆஃப் பண்ணாலும் இதுல இருக்குமோன்னு..."

"எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? லைன் கிளியர்டா. வெட்டு."

எனக்குத் தெரிந்த கரண்ட் எல்லாம் எங்கிருந்தோ வரும். வரும் வழியை அடைத்தால் நின்றுவிடும். முப்பத்து நான்கு வருடம் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். கீழே நான் நிறுத்தியது வீட்டுக்கு வரும் கரண்டை. பேனலில் கரண்ட் பிறப்பதே அந்த இடத்தில்தான், வெயில் இருக்கும்வரை அதை எந்த மெயினாலும் நிறுத்த முடியாது என்பது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரியும். அவனுக்குப் புரிந்திருந்தது. எனக்குத்தான் புரியவில்லை. ஆனால் என் வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வந்த பிறகு தனக்குப் புரிந்ததை அவன் ஓரமாக வைத்துவிட்டான். பழக்கம் அப்படி.

இரண்டு வயரும் பிளையரின் வாயில் ஒன்றாக நசுங்கின. வெல்டிங் வைத்த மாதிரி ஒரு வெளிச்சம். வீட்டுக் கரண்டாக இருந்தால் ஃபியூஸ் போய் அந்த நொடியே அணைந்திருக்கும். இது விடாமல் நின்று எரிந்தது. அவன் கத்தவில்லை. பின்னால் சாய்ந்தான், பலகையிலிருந்து கால் நழுவியது, ஷீட் நொறுங்கி வலது கால் தொடை வரைக்கும் கீழே போனது.

அப்போது நான் சொன்ன முதல் வார்த்தை இது: "ஷீட்டை உடைச்சிட்டியேடா!"

அன்று மதியம் உடைத்து எறியப்போகிற ஷீட். அதைத்தான் சொன்னேன். மறந்துவிடலாம் என்று எவ்வளவோ பார்த்தேன். ஷீட் ஆட்கள் இருவரும் இந்த வாசகத்தை மந்தாரக்குப்பம் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டதால் அதற்கும் வழியில்லை.

கீழே அறையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த என் மனைவி தலைக்கு மேல் ஒரு கால் தொங்குவதைப் பார்த்தாள். ஓடிப் போயிருக்கலாம். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அந்தப் பாதத்தைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு நின்றாள், தெருவிலிருந்து ஏறி வந்த ஷீட் ஆட்கள் அவனை மேலே தூக்கும்வரை. நான் படியை விட்டு நகரவில்லை. பயந்துபோய்விட்டேன் என்பதுதான் உண்மை.

வலது உள்ளங்கை கறுத்துத் தோல் சுருண்டிருந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பார்க்க முடியவில்லை. ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டுப் போட்டு முடித்ததும், கரண்ட் அடிபட்ட கேஸ் என்பதால் அங்கிருந்த காவலர் ஒருவர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"லைன்ல கரண்ட் இல்லன்னு யாரு சொன்னது?"

பிளான்டில் இந்தக் கேள்வியை நான் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல முடியாமல் விழித்தவர்களைக் கேவலமாகப் பார்த்திருக்கிறேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காவலரைப் பார்த்து, "நான் யாருக்கும் எதுவும் சொல்லலைங்க. கம்பெனி ஆள் வரட்டும்னுதான் சொன்னேன். இவன்தான் அவசரப்பட்டு மேல ஏறிட்டான்" என்றேன். கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது.

காவலர் அவன் பக்கம் திரும்பினார். அவன் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். 

"ஆமாங்க. சார் வேணான்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்காம வெட்டிட்டேன்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. எவ்வளவு நல்லவன் என்று நினைத்தேன். காவலர் நகர்ந்ததும் அவன் குனிந்து என் காதருகே வந்தான்.

"சார், வியாழக்கெழம மெடிக்கல் சார். உங்க ஆளுன்னீங்களே, அவராண்ட மறக்காம சொல்லிடுங்க சார்."

எதற்காக அப்படிச் சொன்னான் என்று அப்போது புரிந்தது. புரிந்ததும் எனக்கு வெட்கம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. சும்மா செய்யவில்லை, காரியத்துக்காகத்தான் செய்திருக்கிறான் என்ற நிம்மதி. "சொல்றேன்டா" என்றேன். வரும் வழியில் ஆட்டோவில் என் மனைவி தெருப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பேசியிருந்தால் கத்தியிருப்பேன். எனக்கு யாரையாவது பார்த்துக் கத்த வேண்டும் போல் இருந்தது.

வியாழக்கிழமை கட்டோடு போனான். காயம் ஆறிய பிறகு வரச் சொல்லி வேறு தேதி கொடுத்தார்கள். கட்டுப் போட்ட கையோடு யார் போனாலும் அப்படித்தான் தள்ளி வைப்பார்கள். அன்று சாயங்காலமே போன் செய்தான். "நீங்க சொன்னதாலதான் சார் இன்னொரு தேதி குடுத்தாங்க" என்றான். நான் "ம்" என்றேன். அந்த "ம்" எனக்குச் சுலபமாகத்தான் வந்தது.

பத்து நாள் கழித்துக் கம்பெனி ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொரு பேனல்மீதும் தடித்த கறுப்புத் துணியைப் போர்த்தி நான்கு மூலையிலும் கிளிப் போட்டார்கள். சின்னச் சாவி ஒன்றை வைத்துத் திருகினால் கனெக்டர் சொன்ன பேச்சுக் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்குள் எட்டும் கீழே சுவரோரம் சாய்ந்து நின்றன. பாயின் ஆட்கள் மிச்ச ஷீட்டை அள்ளிப் போட்டுவிட்டுப் பச்சைக் கலர் ஷீட்டை அடித்தார்கள். மறுநாள் பேனல்கள் திரும்ப மேலே ஏறின. வயர் முனை உருகிக் கிடந்ததைப் பார்த்து ஒருவன், "இத எவன் சார் வெட்டினது?" என்று கேட்டான். "யாரோ ஒரு கான்ட்ராக்ட் ஆளு" என்றேன். அந்தக் கறுப்புத் துணியைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவர்கள்மேல் ஆத்திரம் வந்தது. என் வீட்டிலேயே பரணில் அந்த மாதிரி நான்கு போர்வை கிடந்தது.

கை ஆறியது, மடங்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிட்டே வந்து நின்றுவிடும், தொட்டுக்கொள்ளாது. இரண்டாவது மெடிக்கலில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்களாம். கீழே விழுந்துவிட்டது. பட்டியலில் அவன் பெயருக்கு அடுத்திருந்தவனைக் கூப்பிட்டார்கள். பிடிக்க முடியாத கைக்குக் கான்ட்ராக்டிலும் வேலை இல்லை. கேட் பாஸ் புதுப்பிக்கப்படவில்லை. காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தோப்பில் காவலுக்குப் போய்விட்டான். இதையெல்லாம் கடைத்தெருவில்தான் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. பேனலில் மறுபடி கரித்தூள் படிந்தபோது, கழுவ ஆள் இல்லையே என்று அவன்மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

வைகாசியில் ஒரு காலை நேரம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். ஒரு பெரிய பலாப்பழத்தை இடது கையால் நெஞ்சோடு அணைத்து, வலது முழங்கையால் முட்டுக் கொடுத்துத் தூக்கி வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்ததாகச் சொன்னான். வேட்டியில் பலாப்பால் கறை. பழத்தை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

"ஷீட் நல்லா போட்டுக்கிறாங்க சார்."

"ம். உக்காரு" என்றேன். அவன் உட்காரவில்லை. என் முன்னால் அவன் உட்கார்ந்ததே இல்லை.

"தோப்புல நிக்கிற பலாவுல முதல் காய்ப்பு சார். ஓனராண்ட கேட்டு உங்களுக்குன்னு வாங்கியாந்தேன். ஒரு தடவைக்கு ரெண்டு தடவ எனக்காகப் பேசினீங்க. என் நேரம் சரியில்ல, நீங்க என்ன சார் பண்ணுவீங்க. அடுத்த பட்டியல் வரும்போது இன்னொரு வார்த்த சொல்லிப் பாருங்க சார். கை கொஞ்சம் கொஞ்சமா மடங்குது."

மடக்கிக் காட்டினான். மடங்கவில்லை.

காபியோடு வாசலுக்கு வந்த என் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தாள். நாற்பது வருடத்தில் அடுத்தவர் முன்னால் என்னை எதிர்த்து அவள் பேசியதில்லை.

"தம்பி, இவரு யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசலப்பா. அங்க இவருக்கு யாரையும் தெரியாது. உங்கிட்ட பொய் சொல்லித்தான் மேல ஏத்தினாரு. இனிமே இந்த வாசலுக்கு எதையும் தூக்கிக்கிட்டு வராத."

 அவனாவது கத்தட்டும், கெட்ட வார்த்தையில் திட்டட்டும், அந்தப் பழத்தைத் தூக்கி என்மேல் போடட்டும் என்று எனக்கு இருந்தது. அவன் அவளைப் பார்த்து, விவரம் தெரியாத குழந்தையிடம் பேசுகிறவன் போல மெதுவாகச் சிரித்தான்.

"சார் சொல்லியிருப்பாருங்கம்மா. இதையெல்லாம் உங்களாண்ட சொல்லிக்கினு இருக்க மாட்டாரு."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். அவள் சொன்னதை நான் இல்லை என்று சொல்ல வேண்டும், அதற்காகக் காத்திருந்தான். சொல்லியிருக்கிறேன் என்பதுபோல் நான் தலையாட்டினேன்.